ஈறு நோய்க் குழிக்கு எந்த எலும்பு?

பனச்சமூட்டில் சாலையின் ஒரு பக்கம் கேரளம், எதிர்ப்பக்கம் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. வைத்தியத்துக்கு மட்டும் இங்குள்ளவர்கள் இரண்டு பக்கமும் போவார்கள். காய்ச்சல், எலும்பு முறிவு என்றால் காரக்கோணம் மருத்துவக் கல்லூரி. பல் என்றால் அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை ஆறாலுமூட்டில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி, இந்தப் பக்கம் குலசேகரத்தில் ஸ்ரீ மூகாம்பிகை பல் மருத்துவக் கல்லூரி. பெரிய காரியம் என்றால் திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி. பல் ஆடுகிறது, ஈறில் சீழ் வருகிறது என்று போனவர்களில் சிலரிடம் மருத்துவர், “எலும்பு கரைந்து குழி விழுந்திருக்கிறது, ஈறைத் திறந்து சுத்தம் பண்ணி எலும்புப் பொடி வைக்க வேண்டும்” என்கிறார். அடுத்த கேள்வி தானாக வருகிறது: எந்தப் பொடி நல்லது?

நோயாளியின் சொந்த எலும்பு, இறந்தவர் தானம் செய்த எலும்பு, மாட்டெலும்பு, ஆய்வுக்கூடத்தில் செய்த சுண்ணாம்புச் சேர்மம், நோயாளியின் ரத்தத்திலிருந்தே எடுத்த ஜெல் என்று கடைசியில் ஐந்து வழிகள் முன்னால் நிற்கின்றன. விலை வித்தியாசம் பல மடங்கு. அரை கிராம் குப்பிக்கு இத்தனை பணமா என்று திகைக்கிற குடும்பங்களும், விலை கூடினதே நல்லது என்று கடன் வாங்குகிற குடும்பங்களும் உண்டு. நூறு ஆண்டுகளாகச் சேர்ந்த சான்றுகளைப் படித்தவரையில் என் முடிவு இது: பொடிகளுக்குள் இருக்கிற வித்தியாசம் சிறியது, குழியின் வடிவம், வாயின் சுத்தம், புகை, சர்க்கரை, அறுவை செய்யும் கை ஆகியவற்றால் வருகிற வித்தியாசம் பெரியது.

நோயிலிருந்தே தொடங்கலாம். பல்லும் ஈறும் சேருமிடத்தில் படிகிற கிருமிப் படலம் நாள்பட்டுக் காரையாக இறுகுகிறது. அதை எதிர்த்து உடம்பு நடத்துகிற போரில் ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பும் கரைகிறது. நல்ல ஈறில், பல்லுக்கும் ஈறுக்கும் இடையே விடும் அளவுகோல் 3 மில்லிமீட்டர் வரைதான் இறங்கும். 6 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் அங்கே ஆழமான பை இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பைக்குள் பிரஷ் எட்டாது. வலி அதிகம் இல்லாமலே இது வருஷக்கணக்கில் நடப்பதால், பல் ஆடத் தொடங்கிய பிறகே பலரும் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

எலும்பு கரைவதில் இரண்டு விதம் உண்டு. எல்லாப் பற்களைச் சுற்றியும் எலும்பு மட்டமாக இறங்கிவிடுவது ஒன்று. இதற்கு எந்தப் பொடியாலும் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் பொடியைப் பிடித்து வைக்க அங்கே சுவரே கிடையாது. ஒரு பல்லின் ஒரு பக்கத்தில் மட்டும் எலும்பு செங்குத்தாகக் கரைந்து குழி விழுவது இன்னொன்று. எலும்பு ஒட்டு என்ற வைத்தியம் முக்கியமாக இதற்குத்தான். 1958-இல் கோல்ட்மேன், கோஹன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இந்தக் குழிகளை மிச்சமிருக்கும் எலும்புச் சுவர்களின் எண்ணிக்கையால் பிரித்தார்கள்: ஒரு சுவர், இரு சுவர், மூன்று சுவர். அந்தப் பிரிவு இன்றும் செல்லும். நம் மலைச்சரிவில் ரப்பர் கன்றுக்கு வெட்டிய குழியில் போட்ட மண் மழைக்கு நிற்கும், சரிவின் மேல் கொட்டிய மண் நிற்காது. மூன்று சுவர்க் குழிக்கும் ஒரு சுவர்க் குழிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். குறுகி ஆழமாக இருக்கும் மூன்று சுவர்க் குழி நன்றாக ஆறும். அகலமாகவும் ஆழமில்லாமலும் இருப்பது சரியாக ஆறாது. ஆகவே “எல்லாப் பல்லும் ஆடுது, பொடி வச்சு இறுக்கித் தாங்க” என்று கேட்பவருக்கு நேர்மையான மருத்துவர் இல்லை என்றுதான் சொல்வார்.

குழி நிரம்பினாலே போதுமா? போதாது. பல்லும் எலும்பும் நேராக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. வேரின் மேல் சிமெண்டம் என்ற மெல்லிய பூச்சு, அதிலிருந்து எலும்புக்குப் போகும் இணைப்பு நார்கள், அப்புறம் எலும்பு என மூன்றும் திரும்பி வந்தால்தான் இழந்தது மீண்டது என்று சொல்லலாம். 1976-இல் மெல்ச்சர் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. காயத்துக்குள் எந்த வகை உயிரணு முதலில் போய்ச் சேருகிறதோ அதுவே அங்கே என்ன வளரும் என்பதைத் தீர்மானிக்கிறது என்றார் அவர். ஈறின் தோல் அணுக்கள் எப்போதும் வேகமாக வளர்ந்து வேரின் மேல் இறங்கிவிடும். இறங்கிவிட்டால் பை குறையும், ஈறு இறுகும், ஆனால் புதிய நார் வராது. 1982-இல் சுவீடனின் நைமன், லிண்டே, காரிங் குழு இடையில் ஒரு தடுப்புப் படலம் வைத்து, மனிதப் பல்லில் புதிய நார் இணைப்பு வளர்ந்ததைக் காட்டியது.

இங்கே நோயாளிகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. அறுவைக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயில் குழி வெள்ளையாகத் தெரிந்தால் எலும்பு வளர்ந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறோம். செயற்கைப் பொடிகளும் தாது நீக்காத மாட்டெலும்புப் பொடியும் எக்ஸ்ரேயில் தாமாகவே வெள்ளையாகத்தான் தெரியும். வைத்த அன்று மாலையே படம் எடுத்தாலும் குழி நிரம்பிய மாதிரிதான் இருக்கும். உள்ளே வளர்ந்தது எலும்பா, நார்த்திசு சூழ்ந்த பொடித் துகளா என்பதைத் துல்லியமாகச் சொல்ல, பல்லைச் சுற்றிய திசுவோடு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட மனிதச் சான்றுகள் குறைவு. பொருள்களை ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

சொந்த எலும்பில் தொடங்குவோம். 1923-இலேயே ஹெகெடுஸ் என்பவர் நோயாளியின் கால் எலும்பிலிருந்து எடுத்துத் தாடையில் வைத்துப் பார்த்தார். 1960-களில் இடுப்பெலும்பின் மஜ்ஜையை எடுத்து வைத்தபோது எலும்பு வளர்ந்தது. ஆனால் சில பற்களின் வேரையே அது கரைத்துவிட்டது; அதோடு அந்த வழக்கம் ஓய்ந்தது. இப்போது முகவாய், கடைவாய்க்குப் பின்புறம் போன்ற வாய்க்குள்ளேயே கிடைக்கிற இடங்களிலிருந்து சுரண்டி எடுக்கிறார்கள். உயிருள்ள எலும்பு அணுக்களோடு வருவது இது ஒன்றுதான். நோய்த்தொற்றுப் பயம் இல்லை, பொருளுக்கு விலையும் இல்லை. இன்னொரு இடத்தில் காயம் உண்டு, கிடைக்கும் அளவும் கொஞ்சம். ஒன்றிரண்டு குழிகளுக்கு இது நல்ல பொருள் என்பதே என் எண்ணம். நம் ஊர்களில் இதைப் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்ற வருத்தமும் எனக்கு உண்டு. அதற்குக் கூடுதல் நேரமும் பழக்கமும் வேண்டியிருப்பதும், குப்பியை உடைத்துக் கொட்டுவது எளிதாக இருப்பதும் இதற்குக் காரணமாக இருக்கலாம்.

தான எலும்பின் கதை 1965-இல் மார்ஷல் யூரிஸ்ட் கண்டதில் தொடங்குகிறது. சுண்ணாம்புச் சத்தை அமிலத்தால் நீக்கிய எலும்பை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். எலும்பே இல்லாத அந்த இடத்தில் புது எலும்பு முளைத்தது. எலும்புக்குள் ஒளிந்திருந்த ஒரு புரதக் குடும்பம்தான் அந்த வேலையைச் செய்கிறது என்று பிறகு தெரிந்தது. பல் மருத்துவத்தில் டி.எஃப்.டி.பி.ஏ. என்று சொல்வது அப்படிச் சுண்ணாம்பு நீக்கி உறைய வைத்து உலர்த்திய மனித எலும்பு. 1989-இல் போவர்ஸ் குழு நோயாளிகளின் திசுவையே நுண்ணோக்கியில் பார்த்து, இந்த எலும்பு வைத்த இடத்தில் சிமெண்டம், நார், எலும்பு மூன்றும் புதிதாக வந்ததையும், வைக்காத இடத்தில் அப்படி வராததையும் காட்டியது. சான்றின் கனத்தால் பார்த்தால் பொடிகளில் முதலிடம் இதற்குத்தான்.

இந்தியாவில் இது மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் திசு வங்கியிலிருந்து கிடைக்கிறது. 1988-இல் தொடங்கிய அந்த வங்கி தானம் கொடுப்பவரைப் பரிசோதித்து, எலும்பை உலர்த்தி, காமா கதிரால் கிருமி நீக்கித் தருகிறது. நம் நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வுகள் பலவற்றில் வருவது டாட்டாவின் எலும்புதான். ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். 1996-இல் அமெரிக்காவில் ஷ்வார்ட்ஸ் குழு வெவ்வேறு வங்கிகளின் எலும்பைச் சோதித்தபோது எலும்பை முளைப்பிக்கும் திறன் வங்கிக்கு வங்கி, தொகுதிக்குத் தொகுதி மாறியது; சிலதில் அந்தத் திறனே இல்லை. தானம் கொடுத்தவரின் வயது ஏற ஏறத் திறன் குறைவதையும் அதே குழு பிறகு காட்டியது. பெயர் ஒன்றாக இருந்தாலும் குப்பிக்குள் இருப்பது ஒன்றல்ல.

மாட்டெலும்பில் உலகெங்கும் பெயர் பெற்றது சுவிட்சர்லாந்தின் பயோ-ஆஸ். புரதம் முழுவதையும் நீக்கி, சல்லடை போன்ற தாதுக்கூட்டை மட்டும் மிச்சம் வைக்கிறார்கள். மிக மெதுவாகக் கரையும், வைத்த இடத்தில் உருக்குலையாமல் நிற்கும். சென்னையில் தயாராகும் ஆஸியோகிராஃப்ட் இதற்கு நேர் எதிர்: அதில் தாதுவை நீக்கிப் புரதத்தை வைத்திருக்கிறார்கள். இரண்டும் மாட்டெலும்பு என்றாலும் குணம் வேறு. குழியை மேலே மூடுகிற தடுப்புப் படலம் மாடு, பன்றி, மீன் ஆகியவற்றின் கொலாஜனில் வருகிறது. குழிக்குள் வைக்கும் எம்டோகெய்ன் என்ற ஜெல் பன்றிக் குட்டியின் வளரும் பல்லிலிருந்து எடுப்பது. இந்துவும் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் ஒரே சந்தையில் கூடும் நம் எல்லையோரத்தில் இதைச் சொல்லாமல் வைப்பது தவறு. எது எதிலிருந்து வந்தது என்று தாய்மொழியில் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். மலையாளத்தில் அச்சடித்த தாளில் தமிழ் பேசும் பாட்டி கைரேகை வைத்தால் அதைச் சம்மதம் என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

செயற்கைப் பொருள்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் நம் பக்கத்துக்கே பங்கு இருக்கிறது. எலும்பின் தாதுப் பகுதி ஹைட்ராக்ஸி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட். அதை ஆய்வுக்கூடத்தில் செய்யலாம். 1969-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் லாரி ஹென்ச் எலும்போடு பிணையும் கண்ணாடியைக் கண்டுபிடித்தார். அது பிறகு ஈறு நோய்க் குழிக்கும் வந்தது. திருவனந்தபுரம் பூஜப்புரையில் பழைய சாடல்மண்ட் அரண்மனை வளாகத்தில் இயங்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இந்த இரண்டு வழியிலும் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. ஹைட்ராக்ஸி அபடைட் குருணை, அதோடு உயிர்க்கண்ணாடி சேர்த்த கலவை, கால்சியம் பாஸ்பேட் சிமெண்ட் ஆகியவை அங்கே பிறந்தன. இந்தியாவுக்கு உள்நாட்டு இதய வால்வைத் தந்ததும் இதே நிலையம்தான்.

அந்தச் சிமெண்ட் வித்தியாசமான பொருள். பொடியைத் திரவத்தோடு குழைத்தால் களிம்பாகும். குழிக்குள் அழுத்தினால் மூலைமுடுக்கெல்லாம் போய், உடம்பின் சூட்டிலேயே இறுகிவிடும். குருணை சிதறுவது போல் இது சிதறாது. சித்திரை விஞ்ஞானிகளும் ஈறு நோய் மருத்துவர்களும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2009-இல் இந்தியப் பல் ஆராய்ச்சி இதழில் வந்தது. மூன்று கூட்டம் நோயாளிகள்: சிலருக்குச் சிமெண்ட், சிலருக்குக் குருணை, சிலருக்கு ஈறைத் திறந்து வெறும் சுத்தம். ஓராண்டு பார்த்ததில் சிமெண்ட் வைத்தவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. சிமெண்டே தோல் அணுக்களைத் தடுக்கும் படலமாகவும் வேலை செய்திருக்கலாம் என்று ஆசிரியர்கள் கருதினார்கள். இது ஒரு சிறிய ஆய்வு. சிமெண்டுக்கு அடியில் வந்தது புது நார்தானா என்று அது காட்டவில்லை. பொதுவாகவே செயற்கைப் பொருள்கள் வைத்த இடங்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது பெரும்பாலும் நார்த்திசு சூழ்ந்த துகள்களும் வேரின் மேல் நீளமாக இறங்கிய ஈறுத் தோலும்தான் தெரிந்திருக்கின்றன. ஆனாலும் பை குறைகிறது, பல் நிற்கிறது. மதச் சிக்கல் இல்லை, தொற்றுப் பயம் இல்லை, விலை கட்டுப்படி ஆகும்.

ரத்த ஜெல், அதாவது பி.ஆர்.எஃப்., ஏழை நாட்டுக்கு வந்த கொடை. 2001-இல் பிரான்சின் ஷுக்ரூன் சொன்ன முறை இது. நோயாளியின் கையிலிருந்து ரத்தம் எடுத்து, எந்த மருந்தும் சேர்க்காமல், சுழல் இயந்திரத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுற்றினால், நடுவில் ஜெல் போல ஒரு படலம் திரளும். அதில் தட்டணுக்களும் வளர்ச்சிக் காரணிகளும் இருக்கும். இதன் மீதான ஆய்வுகளில் இந்தியர்களின் பங்கு மிகப் பெரியது. 2011-இல் பெங்களூர் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஷர்மாவும் பிரதீப்பும் வெளியிட்ட ஆய்வில், மூன்று சுவர்க் குழிகளில் ஜெல் வைத்த இடத்தில் 9 மாதத்தில் ஏறக்குறைய 48 சதவீதம் எலும்பு நிரம்பியது. வைக்காத இடத்தில் 2 சதவீதம்கூட இல்லை. ஜெல் உதவுகிறது என்பதை ஏற்கிறேன். இவ்வளவு பெரிய இடைவெளியை மட்டும் அப்படியே ஏற்கத் தயங்குகிறேன். அதற்குக் காரணம் ஒரு பழைய சுவீடன் ஆய்வு.

1976-இல் ரோஸ்லிங், நைமன், லிண்டே மூவரும் எந்த ஒட்டும் வைக்காமல் ஈறைத் திறந்து குழிகளைச் சுத்தம் செய்து மூடினார்கள். ஒரு கூட்டத்தாரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரவழைத்துப் பல்லைத் துடைத்துவிட்டார்கள். இரண்டு ஆண்டில் அவர்களின் குழிகளில் பெரும்பகுதி எலும்பால் நிரம்பியது. அடிக்கடி துடைத்துவிடாத மற்றக் கூட்டத்தில் அப்படி நடக்கவில்லை. அடுத்த ஆண்டே அதே குழு, அழுக்கு நிறைந்த வாயில் ஈறு அறுவை செய்தால் பல் முன்னிலும் பிடிமானம் இழக்கும் என்றும் காட்டியது. வெறும் சுத்தத்தாலேயே மூன்று சுவர்க் குழி நிரம்பும் என்றால், ஒப்பீட்டுக் கூட்டத்தில் ஏறக்குறைய ஒன்றுமே நிரம்பாத ஆய்வை யோசித்துத்தான் படிக்க வேண்டும்.

நேருக்கு நேர் ஒப்பீடுகள் சொல்வதும் இதோடு ஒத்துப் போகிறது. 2003-இல் ரெனால்ட்ஸ் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தது. வெறும் சுத்தத்தைவிட ஒட்டு வைப்பது மேல். ஆனால் தான எலும்புக்கும் ஹைட்ராக்ஸி அபடைட்டுக்கும் மருத்துவ அளவீட்டில் வித்தியாசம் தென்படவில்லை. 2020-இல் நிபாலி குழு தொகுத்தபோது, மீட்டெடுக்கும் அறுவைகள் எல்லாவற்றையும் சேர்த்து வெறும் சுத்தத்தைவிடப் பல்லின் பிடிமானத்தில் கிடைத்த கூடுதல் லாபம் சராசரியாக 1.34 மில்லிமீட்டர். சிறிய எண் போலத் தெரியும். ஆழமான பையில் ஒரு பல்லைக் காப்பாற்ற அது போதும். ஆனால் அந்த 1.34-ஐத்தான் எல்லாப் பொருள்களும் பங்குபோட்டுக்கொள்கின்றன.

இத்தாலியின் கோர்த்தெல்லினியும் டோனெட்டியும் 2011-இல் செய்தது இன்னும் தெளிவானது. 45 நோயாளிகள். எல்லோருக்கும் மிகச் சிறிய வெட்டு, நுண்ணோக்கி வைத்து அறுவை. மூன்றில் ஒரு பங்கினருக்கு உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. ஒரு பங்கினருக்கு எம்டோகெய்ன். மீதிப் பேருக்கு எம்டோகெய்னோடு பயோ-ஆஸ். ஓராண்டில் மூன்று கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஈறு சரிந்து விழாமல், ரத்தக் கட்டி அசையாமல் இருந்தால் உடம்பே குழியைச் சரிசெய்துகொள்கிறது. சுவர் குறைந்த அகலமான குழியில் ஈறு சரியும்; அங்கே தாங்கு பொருளாகப் பொடி வேண்டும். பொடியின் உண்மையான வேலை பெரும்பாலும் இதுதான் என்பது என் கணிப்பு.

புகை பற்றி அதே டோனெட்டி 1995-இல் தந்த கணக்கை ஒவ்வொரு பல் மருத்துவமனைச் சுவரிலும் ஒட்டலாம். தடுப்புப் படல அறுவையில் புகைக்காதவர்கள் சராசரியாக 5.2 மில்லிமீட்டர் பிடிமானம் மீட்டார்கள், புகைத்தவர்கள் 2.1. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். எந்த விலையுயர்ந்த பொடியும் இன்னொரு பொடியை இவ்வளவு தூரம் முந்தியதில்லை. பீடியும் புகையிலை சேர்த்த வெற்றிலையும் நம் பகுதியில் வேலைக்காரரின் அன்றாடம். சர்க்கரை வியாதியோ இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு. கட்டுக்குள் இல்லாத சர்க்கரையோடு ஒட்டு வைப்பது பணத்தை மண்ணில் போடுவதுதான். சர்க்கரையும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பதால், ஈறைச் சரிசெய்தால் சர்க்கரையும் சற்று இறங்கும். இதை நம் பொது மருத்துவர்கள் நோயாளிகளிடம் சொல்ல வேண்டும்.

ஆகவே பனச்சமூட்டிலோ பக்கத்து வெள்ளறடையிலோ இருந்து போகிற ஒருவருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் ஆழமான சுத்தம், பல்லிடுக்குப் பிரஷ், பீடியும் புகையிலையும் நிறுத்தம், சர்க்கரைக் கட்டுப்பாடு. இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். பல பைகள் தாமாகவே குறைந்திருக்கும். ஐரோப்பிய ஈறு நோய் அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இந்தப் படிகளுக்குப் பிறகே அறுவையைச் சொல்கிறது. அதிலும் 3 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆழக் குழிகளுக்கே மீட்டெடுக்கும் அறுவை. அப்படி மிஞ்சுகிற குழி குறுகியதா, மூன்று சுவரா? நல்ல கையில் சிறிய வெட்டும் ரத்த ஜெல்லும் போதும். அகலமா, சுவர் குறைவா? சொந்த எலும்போ டாட்டாவின் எலும்போ உள்நாட்டுச் செயற்கைப் பொடியோ ஜெல்லோடு சேரட்டும். வெளிநாட்டுக் குப்பிக்குக் கடன் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யப் போகிற பஸ் கூலிக்கும் கட்டணத்துக்கும் எடுத்து வையுங்கள். கல்லூரி மருத்துவமனைகளில் பொதுவாகக் கட்டணமும் குறைவு.

கல்லூரிகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. முதுகலை மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரு பொடியை இன்னொரு பொடியோடு ஒப்பிட்டு ஆய்வேடு எழுதுகிறார்கள். ஆறு, ஒன்பது, பன்னிரண்டு மாதத்தோடு கணக்கு முடிகிறது. மாணவர் பட்டம் பெற்றுப் போகிறார், நோயாளியை யாரும் திரும்ப அழைப்பதில்லை. கோர்த்தெல்லினி குழு இருபது ஆண்டு ஒரே நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2017-இல் எழுதியது. எந்தப் பல் நிலைத்தது என்ற கேள்விக்கு அப்படித்தான் விடை கிடைக்கும். குலசேகரம், ஆறாலுமூடு, திருவனந்தபுரம் மூன்றும் சேர்ந்து ஒரே பதிவேடு தொடங்க முடியும். எந்தக் குழிக்கு எந்தப் பொருள் வைத்தோம், ஐந்தாம் ஆண்டும் பத்தாம் ஆண்டும் அந்தப் பல் இருக்கிறதா என்று தமிழிலும் மலையாளத்திலும் கூப்பிட்டுக் கேட்க ஓர் ஆளும் ஒரு தொலைபேசியும் போதும். பொருளைச் செய்து தர சித்திரை நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த ஆண்டே தொடங்குங்கள்.